கைபேசி இருக்கையில் தனிக் கேமரா எதற்கு? தீவிர ஒளிப்படக் கலைஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கேமரா வாங்கலாமா வேண்டாமா என்று என்னிடம் கேட்பவர்களில் பலர், கையில் நல்ல கைபேசி ஒன்றை வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். கல்யாணப் படம் எடுப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள், விடுமுறை நாள்களில் வேடந்தாங்கலுக்கும் பழவேற்காட்டுக்கும் பறவைகளைத் தேடிப் போகிறவர்கள், தெருக்களையும் திருவிழாக்களையும் ஆண்டுக்கணக்கில் பதிவு செய்துவருகிறவர்கள் ஆகியோர் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். குடும்ப நினைவுக்காக மட்டும் படம் எடுக்கிறவருக்கு இந்த விளக்கங்கள் தேவைப்படா. அவருடைய கைபேசியே அவருக்குப் போதும்.

கைபேசிக் கேமரா, தனிக் கேமராவுக்கு மாற்றாகிவிட்டதா?

போதிய வெளிச்சம் இருந்து, எடுக்க வேண்டிய பொருள் நாம் நெருங்கிச் செல்லக்கூடிய தூரத்தில் இருந்து, படமும் திரையில் மட்டுமே பார்க்கப்படப் போகிறது என்றால், மாற்றாகிவிட்டது. வெளிச்சம் குறைவு, தூரம் அதிகம், அசைவு வேகம், அச்சு பெரிது ஆகிய நான்கில் எவையேனும் இரண்டு சேர்ந்துவிட்டால், இன்னும் ஆகவில்லை.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது வேறொன்று. ஒரு படம் உருவாவதற்குள் பல தீர்மானங்கள் நடந்து முடிகின்றன. எவ்வளவு நேரம் ஒளியை உள்ளே விடுவது, எதைக் கூர்மையாகவும் எதை மங்கலாகவும் காட்டுவது, நிழலை நிழலாகவே விடுவதா வெளுக்க வைப்பதா, முகத்தின் நிறம் எப்படி இருக்க வேண்டும் என்பவை அவற்றுள் சில. கேமரா இவற்றைப் படமெடுப்பவரிடமே விட்டுவைக்கிறது. கைபேசியோ, பொத்தானை அழுத்திய நொடிக்குள் இவற்றில் பெரும்பாலானவற்றைத் தானே முடித்துவிடுகிறது. அந்தத் தீர்மானங்கள் பல நேரங்களில் நன்றாகவே அமைகின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், அவை என்னுடையவை அல்ல. தீவிரமாகப் படம் எடுக்கிறவருக்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

என்னிடம் டி.எஸ்.எல்.ஆர். (லென்ஸ் மாற்றக்கூடிய) கேமரா இருக்கிறது. ஆனாலும் கைபேசியில் எடுத்த படம்தான் நன்றாக வருகிறது. நான் என்ன தவறு செய்கிறேன்?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. தவறு உங்களிடம் இல்லை. கேமராவோடு சேர்த்து விற்கப்பட்ட லென்ஸில்தான் பாதி விடை இருக்கிறது.

சிறு கணக்கு ஒன்றைப் பார்ப்போம். தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களில் உள்ள ஏ.பி.எஸ்.-சி எனப்படும் அளவிலான சென்சாரின் (ஒளியைப் பதியும் சில்லின்) பரப்பு, நிறுவனத்துக்கு ஏற்ப 330 முதல் 370 சதுர மி.மீ. வரை இருக்கும். ஐபோன் 15 ப்ரோ போன்ற உயர்விலைக் கைபேசியின் பிரதானக் கேமராவில் அது ஏறத்தாழ 70 சதுர மி.மீ.தான். அதாவது, கேமராவுக்கு ஐந்து மடங்கு அனுகூலம். ஆனால், அந்தக் கைபேசி லென்ஸின் அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளையின் அளவு; எண் சிறிதானால் ஒளி அதிகம்) எஃப் 1.8, கேமராவோடு வரும் 18–55 மி.மீ. லென்ஸின் அப்பர்ச்சர் எஃப் 3.5-இல் தொடங்குகிறது. இந்த இரு எண்களுக்கும் இடையே, ஒரே பரப்பில் விழும் ஒளி ஏறத்தாழ நான்கு மடங்கு வேறுபடுகிறது. ஐந்து மடங்கு பெரிய சென்சாரின் லாபத்தில் பெரும்பகுதியை, நான்கு மடங்கு மங்கலான லென்ஸ் தின்றுவிடுகிறது. அதே லென்ஸை, தொலைவை நெருக்கிக் காட்டும் 55 மி.மீ.க்குத் திருப்பினால் அப்பர்ச்சர் எஃப் 5.6 ஆகிவிடும், அந்த இடத்தில் உங்கள் கேமரா சேகரிக்கும் மொத்த ஒளி, கைபேசியின் பிரதானக் கேமரா சேகரிப்பதில் பாதி அளவுக்கே இருக்கும்.

மீதிப் பாதி விடை மென்பொருளில் இருக்கிறது. 2013-இல் நெக்சஸ் 5 கைபேசியில் கூகுள் அறிமுகப்படுத்திய எச்.டி.ஆர். பிளஸ் முறையையும், 2018-இல் அதன் பிக்சல் 3 கைபேசியுடன் வந்த இரவுப் பார்வை வசதியையும் இதற்கு முன்னோடிகளாகச் சொல்லலாம். நாம் ஒருமுறை பொத்தானை அழுத்தும்போது, கைபேசி குறுகிய நேரப் படங்கள் பலவற்றை எடுத்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, சராசரி காண்கிறது. படத்தில் தோன்றும் புள்ளி இரைச்சல் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடங்களில் விழுவதால், ஒன்பது படங்களைச் சேர்த்தால் அது மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. பிறகு வானத்தைத் தனியாகவும் நிழலைத் தனியாகவும் திருத்தி, கண்ணுக்கு இதமான ஒரே படமாகத் தருகிறது. உங்கள் டி.எஸ்.எல்.ஆர். இவற்றுள் எதையும் செய்வதில்லை. அது ஒரே ஒரு படத்தை எடுத்து, பெரிய மாற்றமின்றிக் கையில் கொடுக்கிறது.

எனவே, கேமராவை விற்பதற்கு முன் ஒன்றைச் செய்து பாருங்கள். எஃப் 1.8 அப்பர்ச்சர் கொண்ட ஒரு 50 மி.மீ. லென்ஸை யாரிடமாவது இரவல் வாங்கிப் பொருத்தி, ரா கோப்பாக (சென்சார் பதிந்த மூலத் தரவாக) எடுத்து, கணினியில் ஒரு பத்து நிமிடம் செலவழித்துத் திருத்துங்கள். அதன் பிறகு இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

200 மெகாபிக்சல் கைபேசி, 24 மெகாபிக்சல் கேமராவைவிடக் கூடுதல் நுணுக்கம் காட்டாதா?

காட்டாது. அதற்குக் காரணம் ஒளியின் இயல்பு. ஒரு புள்ளி ஒளி எவ்வளவு நல்ல லென்ஸ் வழியாக வந்தாலும் புள்ளியாகவே விழாமல், சிறு வட்டமாகப் பரவித்தான் விழும். எஃப் 1.7 அப்பர்ச்சரில் பச்சை ஒளிக்கு அந்த வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 2.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சாம்சங் கேலக்ஸி எஸ்24 அல்ட்ராவின் 200 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 0.6 மைக்ரான். ஒளிவட்டம் ஒரே நேரத்தில் பல பிக்சல்களை மூடிக்கொண்டு விழும்போது, அவற்றால் தனித்தனிச் செய்தி சொல்ல இயலாது. இதை நன்கு அறிந்துதான், இத்தகைய கைபேசிகள் இயல்புநிலையில் 16 பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து, ஏறத்தாழ 12 மெகாபிக்சல் படமாகத் தருகின்றன. 200 என்ற எண்ணுக்குப் பயன் இல்லாமல் இல்லை. நல்ல வெயிலில் படத்தின் நடுப்பகுதியை வெட்டி எடுக்க அது ஓரளவு உதவும், அவ்வளவுதான்.

ஓர் அங்குல சென்சார் உள்ள கைபேசிகள் வந்துவிட்டனவே?

ஷியாவ்மி 12எஸ் அல்ட்ரா 2022-இல் வந்ததிலிருந்து அத்தகைய கைபேசிகள் பல வெளியாகியிருக்கின்றன. கைபேசிகளில் இவை சிறந்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால், அந்தப் பெயரில் உள்ள அங்குலத்தை அளவுகோலால் அளக்க முடியாது. பழைய வீடியோ கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளி விட்டத்தை வைத்துச் சொன்ன கணக்கு அது. உண்மையில் இந்த சென்சார் 13.2 மி.மீ. நீளமும் 8.8 மி.மீ. அகலமும் கொண்டது. 36-க்கு 24 மி.மீ. அளவுள்ள ஃபுல் ஃப்ரேம் சென்சார் இதைவிட ஏழு மடங்குக்கும் மேல் பெரியது.

பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் வசதி, நல்ல லென்ஸுக்கு ஈடாகுமா?

தொலைவிலிருந்து பார்த்தால் ஈடானதுபோலத் தெரியும். மேலே சொன்ன ஐபோன் 15 ப்ரோவின் பிரதான லென்ஸ், அப்பர்ச்சர் எஃப் 1.8 என்றாலும், பின்னணி மங்கலைப் பொறுத்தவரை ஃபுல் ஃப்ரேம் கேமராவில் எஃப் 6.3 வைத்து எடுத்ததற்கே சமம். எனவே இயல்பான மங்கல் அதில் மிகக் குறைவு. அந்தக் குறையை ஈடுசெய்ய, எது முகம், எது பின்னணி என்று மென்பொருள் ஊகித்து, பின்னணியை மட்டும் மங்கலாக்குகிறது.

ஊகம் எங்கே பிழைக்கிறது என்று பார்க்க, மல்லிகைச் சரம் சூடிய ஒரு பெண்ணைப் பக்கவாட்டில் நிறுத்திப் படம் எடுங்கள். சரத்தில் பாதி கூர்மையாகவும் பாதி பின்னணியோடு கரைந்தும் போகும். ஜிமிக்கியின் வளையத்துக்குள் தெரியும் சுவர் மங்காமல் அப்படியே நிற்கும். காற்றில் பறக்கும் நெற்றி மயிர்கள் கத்தரித்ததுபோல நின்றுவிடும். உண்மையான லென்ஸில் மங்கல் படிப்படியாக வரும். கண் கூர்மையாக இருக்கும், காது சற்றே தளரும், கூந்தல் இன்னும் தளரும். அந்தப் படிப்படியான தளர்ச்சிதான் முகத்துக்கு ஆழம் தருகிறது. இந்த வசதி ஆண்டுதோறும் மேம்பட்டுவருவதை நானும் கவனிக்கிறேன். ஆயினும் காசு கொடுத்து உருவப்படம் கேட்பவருக்கு இதை நான் தரமாட்டேன்.

கல்யாணத்தைக் கைபேசியிலேயே எடுத்து முடிக்கலாமா?

முழுக் கல்யாணத்தையும் கைபேசியை நம்பி ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. முதல் காரணம், தாலி கட்டும் நேரம். கெட்டிமேளம் தொடங்கியது முதல் மூன்றாம் முடிச்சு விழும்வரை கிடைப்பது சில நொடிகள்தாம். அந்த நொடிகளில் அட்சதை பறக்கிறது, உறவினர் கைகள் குறுக்கே வருகின்றன, மணமகள் தலைகுனிந்திருக்கிறாள், வீடியோ விளக்கு ஒருபுறமிருந்து மட்டும் அடிக்கிறது. பல படங்களை அடுக்கிச் சேர்க்கும் கைபேசி முறை, அசையாத பொருள்களுக்குத்தான் மிகப் பொருத்தமானது. அசைகிற கைகளையும் அரிசிமணிகளையும் அது சேர்க்க முயலும்போது விரல்கள் மெழுகுபோல் வழிகின்றன. அரிசிமணிகளைப் புள்ளி இரைச்சலாக எண்ணி அழித்துவிடுவதும் உண்டு. நெருங்கிய உறவினர் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் கைபேசியை மட்டும் வைத்துக்கொண்டு நின்ற எனக்கு இது நேர்ந்தது. அந்தப் படத்தில் மணமகனின் வலது கையில் நான்கு விரல்கள்தாம் இருந்தன. அந்தக் கணத்தைத் திரும்ப நடத்தச் சொல்ல எவராலும் முடியாது.

இரண்டாவது, ஃபிளாஷ். கேமராவின் ஃபிளாஷ் மிகக் குறுகிய நேரத்தில் பெரும் ஒளியைக் கொட்டி அசைவை உறைய வைக்கிறது. அதைக் கூரையிலோ வெள்ளைக் குடையிலோ பட்டுத் தெறிக்கச் செய்தால் ஒளி மென்மையாகிறது. கைபேசியில் இருப்பது சிறு எல்.இ.டி. விளக்கு, கைக்கெட்டும் தூரத்தைத் தாண்டினால் அதற்கு வலுவில்லை. மேடைக்குப் பின்னால் வைக்கப்படும் எல்.இ.டி. திரைகள் இன்னொரு சிக்கல். அவை கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மினுக்குவதால், வரிவரியாகப் படிக்கும் சென்சாரில் பட்டைகள் விழுகின்றன. ஷட்டர் வேகத்தைச் சிறிது சிறிதாக மாற்றிப் பார்த்து அந்தப் பட்டைகளைத் தவிர்க்கும் வாய்ப்பு, தனிக் கேமராக்களில் எளிதாகக் கையில் கிடைக்கிறது.

மூன்றாவது, ஆல்பம். நம் ஊரில் கல்யாண ஆல்பம் விரித்தால் 12-க்கு 36 அங்குலம் இருப்பது வழக்கம். 12 மெகாபிக்சல் கைபேசிப் படத்தின் நீளம் 4,032 பிக்சல். 36 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 112 பிக்சல்தான் கிடைக்கும். 24 மெகாபிக்சல் கேமராவில் அது 167 ஆகிறது. எண்ணில் பெரிய வேறுபாடாகத் தெரியாவிட்டாலும், பட்டுப் புடவையின் சரிகையில் அது கண்கூடாகத் தெரியும்.

நான்காவது காரணத்தைப் பலர் சொல்வதில்லை. தொழில்முறைக் கேமராக்கள் பலவற்றில் இரண்டு மெமரி கார்டுகள் இருக்கும். ஒவ்வொரு படமும் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும். ஒன்று பழுதானாலும் கல்யாணம் காணாமல் போகாது. பிறர் வாழ்வின் ஒரே ஒரு நாளைப் பொறுப்பேற்கிறவருக்கு இது ஆடம்பரமன்று.

இவ்வளவும் சொன்ன பிறகு, உதவியாளர் ஒருவர் கைபேசியோடு இருப்பதை நான் வரவேற்கிறேன். மணமகள் அறையிலும் சமையற்கட்டிலும் பந்தியிலும் பெரிய கேமராவைக் கண்டால் முகம் இறுகிவிடும் பெரியவர்கள், கைபேசிக்கு முன் இயல்பாகச் சிரிக்கிறார்கள். அன்று மாலையே கேட்கப்படும் ரீல்ஸுக்கும் அதுவே பொருத்தம்.

பறவைகளைப் படமெடுக்கக் கைபேசியின் ஜூம் போதுமா?

இதற்கும் கணக்கே விடை சொல்லும். முப்பது மீட்டர் தூரத்தில் ஒரு மஞ்சள் மூக்கு நாரை நிற்பதாக வைத்துக்கொள்வோம். அதன் உயரம் ஏறத்தாழ ஒரு மீட்டர். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 600 மி.மீ. லென்ஸ் வைத்தால், அந்தத் தூரத்தில் படச்சட்டத்துக்குள் அடங்கும் பரப்பு 1.8 மீட்டர் அகலமும் 1.2 மீட்டர் உயரமும் கொண்டது. நாரை சட்டத்தை ஏறக்குறைய நிறைத்துவிடும்; கண்ணைச் சுற்றியுள்ள தோலின் சுருக்கம்கூடத் தெரியும். ஐபோன் 15 ப்ரோ மேக்ஸின் ஐந்து மடங்கு ஜூம், 120 மி.மீ. லென்ஸுக்கு இணையானது. அதே தூரத்தில் அதற்குள் அடங்குவது 9 மீட்டர் அகலம். 600 மி.மீ. லென்ஸ் காட்டும் பகுதியை மட்டும் அதிலிருந்து வெட்டி எடுத்தால், பரப்பு 25-இல் ஒரு பங்காகிவிடும். 12 மெகாபிக்சலில் மிஞ்சுவது ஐந்து லட்சம் பிக்சல்களுக்கும் குறைவு. வேடந்தாங்கலில் கரையிலிருந்து நாம் பார்க்கும் மரங்கள் பலவும் முப்பது மீட்டரைவிடத் தள்ளியே இருக்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போதாததற்கு, ஜூம் கேமராக்களுக்குப் பின்னால் உள்ள சென்சார்கள், பிரதான சென்சாரைவிடப் பெரும்பாலும் சிறியவை.

இந்தப் பள்ளத்தை மென்பொருள் எப்படி நிரப்புகிறது என்பதுதான் எனக்கு உறுத்தலான விஷயம். 2023 மார்ச்சில் இணையத்தில் ஒருவர், நிலவின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கிக் கணினித் திரையில் காட்டி, இருட்டறையில் அதைத் தொலைவிலிருந்து கேலக்ஸி எஸ்23 அல்ட்ராவில் எடுத்தார். திரையில் இல்லவே இல்லாத பள்ளங்களும் மேடுகளும் கைபேசிப் படத்தில் வந்தன. காட்சியில் இருப்பது நிலவு என்று அடையாளம் கண்டு, செயற்கை நுண்ணறிவால் விவரங்களைக் கூட்டுவதாக சாம்சங் பிறகு விளக்கம் தந்தது. நிலவு எல்லோருக்கும் ஒன்றே என்பதால் இதில் தீங்கில்லை என்று சிலர் சொல்லலாம். பறவைகளுக்கு அது பொருந்தாது. உள்ளான் என்னும் நீரோரப் பறவைகளில் ஓர் இனத்தையும் இன்னோர் இனத்தையும் பிரித்தறிய, இறகு விளிம்பின் கோடும் அலகின் வளைவும்தான் சான்று. அந்தக் கோட்டை மென்பொருள் தன் ஊகத்தில் வரைந்திருந்தால், அந்தப் படம் எதற்கும் சான்றாகாது.

தொலைநோக்கியின் கண்ணில் கைபேசியைப் பொருத்தி எடுப்பது குறைந்த செலவிலான நல்ல வழி. நீரோரமாக வெகுநேரம் அசையாமல் நிற்கும் கொக்குக்கும் நாரைக்கும் அது போதும். பாய்கிற மீன்கொத்திக்குப் போதாது.

மேலும் ஒரு வேண்டுகோள். கைபேசி ஒவ்வொரு படத்தோடும் இடக்குறிப்பைச் சேர்த்துப் பதிவதால், அரிய பறவையின் கூட்டை எடுத்த படத்தைக் கோப்பாகவே பகிர்ந்தால் கூட்டின் முகவரியையும் பகிர்ந்ததாகிவிடும். காட்டுக்குள் நுழையும் முன் அந்த அமைப்பை அணைத்துவிடுங்கள்.

செய்தியிலும் தெருவிலும் கைபேசி வென்றுவிட்டது என்கிறார்களே?

பெருமளவு உண்மை. நியூயார்க் டைம்ஸின் டேமன் வின்டர், 2010-இல் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கச் சிப்பாய்களோடு இருந்தபோது ஐபோனில் எடுத்த படங்கள், மறு ஆண்டு ‘பிக்சர்ஸ் ஆஃப் தி இயர்’ போட்டியில் மூன்றாம் பரிசு பெற்றன. 2012-இல் சாண்டி புயலின்போது பென் லோவி ஐபோனில் எடுத்த அலையின் படம் ‘டைம்’ இதழின் அட்டையில் வந்தது. 2017-இல் அதே இதழுக்காக, தத்தம் துறையில் முதலாவதாகத் தடம் பதித்த பெண்களைப் பிரேசில் கலைஞர் லூயிசா டோர் ஐபோனிலேயே எடுத்தார். அந்த வரிசையிலிருந்து பன்னிரண்டு அட்டைகள் வெளியாயின. அந்த உருவப்படங்களில் செயற்கை விளக்குகளின் பகட்டு இல்லை. இயல்பான ஒளியையும் எதிரே இருப்பவரின் அமைதியையும் நம்பி எடுக்கப்பட்டவை அவை. கருவி சிறியதாக இருந்ததே அந்த அமைதிக்கு உதவியிருக்கும் என்பது என் எண்ணம்.

ஆனால், இதிலிருந்து தவறான பாடம் கற்றவர்களும் உண்டு. 2013 மே மாதம் சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழ், தன் முழுநேர ஒளிப்படக் கலைஞர்கள் 28 பேரையும் ஒரே நாளில் நீக்கியது. புலிட்சர் பரிசு பெற்ற ஜான் எச். வைட்டும் அவர்களுள் ஒருவர். செய்தியாளர்களுக்கு ஐபோனில் படமெடுக்கப் பயிற்சி அளிக்கப்பட்டது. கருவி கைக்கு வந்துவிட்டால் கலைஞர் தேவையில்லை என்ற அந்த எண்ணத்தை என்னால் ஏற்கவே முடியாது. வின்டரும் லோவியும் டோரும் கைபேசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே தேர்ந்த கண்கள் உடையவர்கள்.

கைபேசி தோலின் நிறத்தை மாற்றிவிடுகிறது என்பது உண்மையா?

பல கைபேசிகளில் உண்மை. முகத்தை அடையாளம் கண்டதும் அதை வெளுக்கவும் தோலை வழவழப்பாக்கவும் செய்யும் அழகுபடுத்தும் வசதி, வாங்கும்போதே இயங்கும் நிலையில் இருக்கிறது. அதை அணைத்த பிறகும், நிழலைத் தூக்கிக் காட்டும் பொதுவான திருத்தம் கறுத்த முகத்தைச் சாம்பல் பூத்ததுபோல் ஆக்கிவிடுவதுண்டு. 2021-இல் பிக்சல் 6 கைபேசியுடன் கூகுள் கொண்டுவந்த ‘ரியல் டோன்’ முயற்சி, கறுப்புத் தோலை உள்ளபடி காட்டுவதில் இத்துறை அதுவரை தவறியிருந்தது என்பதற்கான ஒப்புதலாகவே எனக்குப் படுகிறது. உப்பளத் தொழிலாளியின் முகத்திலும் மீனவரின் முதுகிலும் வெயில் எழுதியிருக்கும் நிறம் அவர்களுடையது. அதை வெளுக்க மென்பொருளுக்கு எந்த உரிமையும் இல்லை. ரா கோப்பாக எடுத்து, அந்த நிறத்தை நானே கண்ணால் பார்த்து ஒப்பிட்டுத் திருத்தும் வாய்ப்பு இருப்பதே, தனிக் கேமராவை நான் இன்றும் சுமப்பதற்கு முதல் காரணம்.

அப்படியானால் கைபேசியிலேயே ரா கோப்பாக எடுத்தால் போதாதா?

பாதி தூரம் வரை போகலாம். கைபேசியில் இரண்டு வகை ரா உண்டு. ஒன்று, ஒரே படமாக சென்சாரிலிருந்து வரும் தூய தரவு. இதில் எல்லாத் தீர்மானமும் உங்களுடையது, ஆனால் சிறு சென்சாரின் இரைச்சலும் முழுமையாக உங்களுடையதே. மற்றொன்று, பல படங்களைச் சேர்த்த பிறகு தரப்படுவது. ஆப்பிள் 2020 டிசம்பரில் கொண்டுவந்த ப்ரோரா இந்த வகை. இதில் வெண்சமநிலையும் (வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறச்சாயலைச் சரிசெய்வது) வெளிச்ச அளவும் உங்கள் கையில் இருக்கும். படங்களைச் சேர்ப்பதும் இரைச்சல் நீக்குவதும் முன்பே முடிந்திருக்கும். ப்ரோரா 12 பிட் கோப்பு. அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் 4,096 படிகள். பெரும்பாலான தனிக் கேமராக்கள் தரும் 14 பிட் கோப்பில் 16,384 படிகள். கைபேசியில் தீவிரமாக எடுக்க விரும்புகிறவர் இரண்டாம் வகையைப் பழகிக்கொள்வது நல்லது.

கேமராச் சந்தையே அழிந்துவருகிறது. இப்போது வாங்கினால் பணம் வீணாகாதா?

ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கமான சிபாவின் கணக்குப்படி, 2010-இல் 12 கோடிக்கும் மேற்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் ஆலைகளிலிருந்து சென்றன. 2023-இல் அது 80 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. இந்த வீழ்ச்சியில் மிகப் பெரும்பகுதி, சட்டைப்பையில் அடங்கும் சிறு கேமராக்களுடையது. அந்த இடத்தைக் கைபேசி முழுமையாக எடுத்துக்கொண்டது. லென்ஸ் மாற்றும் கேமராக்களின் கதை வேறு. கேனனும் நிக்கானும் 2018-இல் முற்றிலும் புதிய லென்ஸ் இணைப்பு முறைகளைத் தொடங்கின. 1987-இல் கேனன் தொடங்கிய இ.எஃப். வரிசை லென்ஸ்கள், உள்ளே கண்ணாடி இல்லாத இன்றைய மிரர்லெஸ் கேமராவிலும் ஓர் இணைப்பான் வழியாக இயங்குகின்றன. எந்தக் கைபேசியும் அவ்வளவு காலம் உழைக்காது.

ஒரு லட்ச ரூபாய் இருக்கிறது. எதில் போடுவது?

என்ன எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தெரு, பயணம், ஆவணப் பதிவு என்றால் நல்ல கைபேசியை வாங்குங்கள். கேமரா வாங்கவில்லையே என்று குறைபட வேண்டியதில்லை. உருவப்படமோ கல்யாணமோ கற்க வேண்டும் என்றால், ஏற்கெனவே கையில் இருக்கும் கைபேசியை இன்னும் மூன்றாண்டு வைத்துக்கொண்டு, நல்ல நிலையில் உள்ள பழைய கேமரா உடல் ஒன்றையும், எஃப் 1.8 லென்ஸ் ஒன்றையும், ஒரு ஃபிளாஷையும் வாங்குங்கள். பறவைகள் என்றால், பணத்தில் பெரும்பகுதியை லென்ஸுக்கே ஒதுக்க வேண்டும். உடல் எவ்வளவு பழையதானாலும் பரவாயில்லை.

கேமரா வாங்கும் வசதி இப்போதைக்கு இல்லை. கைபேசியிலேயே தீவிரமாகப் பயில முடியுமா?

முடியும். ஒளியைப் பார்க்கப் பழகுவதற்குக் கருவியின் விலை தடையே இல்லை. லென்ஸை ஒவ்வொரு முறையும் துணியால் துடையுங்கள். விரல்பட்ட எண்ணெய்தான் மங்கலான படங்களுக்கு மிகப் பொதுவான காரணம். விரலால் திரையை விரித்து ஜூம் செய்யாமல் நடந்து நெருங்குங்கள். வெளிச்ச அளவையும் குவியத்தையும் பூட்டி வைத்து, ஆள் அந்த ஒளிக்குள் வரும்வரை காத்திருங்கள். அழகுபடுத்தும் வசதியை அணையுங்கள். மாதம் ஒருமுறை, பிடித்த ஐந்து படங்களை 8-க்கு 12 அங்குல அளவில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டிப் பாருங்கள். 12 மெகாபிக்சல் அதற்குத் தாராளம். திரையில் மறைந்திருந்த பிழைகள் தாளில் தெரியும். கோடையில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் பரிந்துரைக்கும் சுற்றுப்புற வெப்ப எல்லை 35 டிகிரி செல்சியஸ். மே மாத நண்பகலில் திரை மங்குவதும் கேமரா செயலி தயங்குவதும் அதனால்தான்.

இரண்டும் இருந்தால் திருவிழாவுக்கு எதை எடுத்துச் செல்வது?

சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கும் விடியற்காலையை எடுத்துக்கொள்வோம். வானம் இன்னும் வெளுக்கவில்லை; தங்கக் குதிரை கூட்டத்தின் தலைகளுக்கு மேல் அசைந்து வருகிறது; அழகர் வேடமிட்ட பக்தர்கள் துருத்தியால் நீரைப் பீய்ச்சுகிறார்கள். குதிரைக்கும் தெறிக்கும் நீருக்கும் நான் கேமராவையே நம்புவேன். 85 அல்லது 135 மி.மீ. லென்ஸ், எஃப் 2 அளவு, ஷட்டர் வேகம் நொடியில் 500-இல் ஒரு பங்கு. நீர்த்துளி துளியாகவே நிற்க வேண்டும் என்றால் அந்த வேகத்துக்குக் குறைய முடியாது. கூட்டத்துக்குள் போனதும் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுக் கைபேசியை எடுத்துவிடுவேன். தோளில் குழந்தையைச் சுமந்தபடி நிற்கும் தந்தை, சர்க்கரை நிறைந்த சொம்பில் சூடம் ஏற்றி நீட்டும் பாட்டி, நீர்மோர்ப் பந்தலில் குவளை கழுவும் சிறுவன் ஆகியோர் எல்லாம் ஒரு கை தூரத்தில் இருக்கிறார்கள். அங்கே பெரிய லென்ஸை நீட்டினால், அவர்கள் நின்று பார்ப்பார்கள்.